பெரியசாமித் தூரனின் சிறுவர் நூல்கள்: ஒரு மதிப்பீடு

ம. ப. பெரியசாமித் தூரன் (1908–1987) ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சிக்கு அருகிலுள்ள மஞ்சக்காட்டுவலசில் பிறந்தவர். கணிதம் பயின்று, எல்.டி. ஆசிரியர் பயிற்சி பெற்று, கோவை பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்யாலயத்தில் பணியாற்றினார். 1948இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத்திற்குத் தலைமைப் பதிப்பாசிரியரானார். பின்னர், 1968 முதல் 1976 வரை, குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை 10 தொகுதிகளாக வெளிக்கொணர்ந்தார். 1968இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

தூரனைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கலைக்களஞ்சியத்தையும் கீர்த்தனைகளையும் சொல்லி நிறுத்திவிடுகின்றனர். ‘மாயக்கள்ளன்’, ‘சூரப்புலி’, ‘ஓலைக்கிளி’ முதலிய சிறுவர் கதைகள் பின்தங்கிவிட்டன. அவரது கல்வியின் பயன் இக்கதைகளிலும் உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

‘குழந்தை உள்ளம்’, ‘குமரப் பருவம்’ முதலிய உளவியல் நூல்களை எழுதியவர் தூரன். ஆயினும் கதையில் அவர் வகுப்பெடுப்பதில்லை. ‘கொல்லிமலைக் குள்ளன்’ நாவலில் தங்கமணி, சுந்தரம், கண்ணகி ஆகிய சிறுவர்களும் ஜின்கா என்ற குரங்கும் ஆபத்தைத் தாங்களே எதிர்கொள்கின்றனர். பெரியவர் வந்து நீதி சொல்லும் வரை அவர்கள் காத்திருப்பதில்லை. களஞ்சியத்தில் குழந்தையின் கேள்விக்கு விடை தந்தவர், கதையில் விடையைக் குழந்தையே தேட விடுகிறார். பிள்ளைகளின் அறிவை நம்பும் ஆசிரியரின் முறை இது.

இடத் தேர்வும் குறிப்பிடத்தக்கது. கொல்லிமலையும் சங்ககிரிக் கோட்டையும் கதைத் தலைப்புகளிலேயே வருகின்றன. சாகசம் நிகழ அயல்நாட்டுத் தீவு தேவையில்லை. நம் பக்கத்து மலையே போதும் என்று அவை காட்டுகின்றன. மலையடிவாரத்தில் வளரும் திருத்தணிப் பிள்ளைக்கு இது உடனே விளங்கும்.

குறையும் உண்டு. உருவத்தில் குள்ளமானவனைத் தீயவனாக அமைத்தது அக்காலக் கதை மரபு. இன்று வகுப்பில் படிப்பிக்கும்போது, உடலமைப்புக்கும் குணத்துக்கும் தொடர்பில்லை என்பதை ஆசிரியர் பேசியாக வேண்டும். அதற்காக நூலை ஒதுக்க வேண்டியதில்லை. அந்த உரையாடலுக்கே அது நல்ல வாய்ப்பு.

களஞ்சியத்தின் அறிவியல் செய்திகள் பல இன்று பழையனவாகிவிட்டன. அது இயல்பே. கதைகளுக்கு அவ்வாறு வயதாகவில்லை. தூரனின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாணவர்கள் ‘கொல்லிமலைக் குள்ள’னிலிருந்தே தொடங்கலாம்.