தாளக்காரர்களின் பெயர்

ஓர் இசைக் கோஷ்டியில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தால் அது எதுவரை அதே கோஷ்டி? தர்க்க சாஸ்திரக்காரர்கள் கப்பலையும் பலகையையும் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்விதான் இது. ஆனால் கலையில் இந்தக் கேள்விக்குத் தர்க்கம் பதில் சொல்லாது. காதுதான் சொல்ல வேண்டும். ராக் இசையின் சரித்திரத்தில் இதைக் கேட்டுப் பார்க்க பிளீட்வுட் மாக் என்ற கோஷ்டியைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. 1967-ல் லண்டனில் இந்தக் கோஷ்டியை ஆரம்பித்தவர் பீட்டர் கிரீன். ஜான் மேயாலின் கோஷ்டியில் எரிக் கிளாப்டன் விட்டுப்போன இடத்தில் உட்கார்ந்து, அந்த இடத்துக்குத் தாம் குறைந்தவரல்ல என்று காட்டிய கிதார் வித்வான். தம் பெயரையே வைத்துக்கொண்டிருந்தால் யாரும் ஆட்சேபித்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர் டிரம் வாசித்த மிக் பிளீட்வுட்டின் பெயரையும், பாஸ் கிதார் வாசித்த ஜான் மாக்வீயின் பெயரில் பாதியையும் சேர்த்து வைத்தார். இதில் இன்னொரு வேடிக்கை: மேயாலிடம் கிடைத்துக்கொண்டிருந்த நிச்சயமான சம்பளத்தை விட மனசில்லாமல் மாக்வீ முதலில் வரவே இல்லை. ஆள் வருமுன்பே பெயர் வந்துவிட்டது. நம் கச்சேரி நோட்டீஸில் பாடகர் பெயரை விட்டுவிட்டு மிருதங்கக்காரர் பெயரை மட்டும் போட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

கிரீன் இருந்த காலத்தில் இது ப்ளூஸ் கோஷ்டி. ஆனால் அவருடைய தனிச் சிறப்பு வேகமல்ல, சிக்கனம். 1969 தொடக்கத்தில் இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்ற ‘ஆல்பட்ராஸ்’ சொற்களே இல்லாத வாத்திய இசை. வாசிக்காமல் விடுகிற ஸ்வரங்களால் ஒரு கடலையே காட்டிவிடுகிறார். புகழும் பணமும் சேரச் சேர அவர் மனம் நிலைகொள்ளாமல் போயிற்று. 1970 மே மாதம் விலகினார். 1971-ல் லாஸ் ஏஞ்சல்ஸில், இரண்டாவது கிதார்க்காரர் ஜெரமி ஸ்பென்ஸர் ஓட்டலிலிருந்து வெளியே போனவர் திரும்பவில்லை. ஒரு மதக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டிருந்தார். மூன்றாமவரான டானி கர்வனை 1972-ல் கோஷ்டியே நீக்கியது. மூன்றாண்டுக்குள் மூன்று கிதார்! சாதாரணக் கோஷ்டியானால் கதை அங்கே முடிந்திருக்கும்.

முடியவில்லை. ஜானின் மனைவி கிரிஸ்டீன் மாக்வீ பியானோவோடும் குரலோடும் 1970-ல் வந்தார். 1971-ல் பாப் வெல்ஷ் என்ற அமெரிக்கர் வந்தார். இந்த நடுக்காலத்தை விமர்சகர்கள் ஒரு பாலம் போல் அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது நியாயமல்ல. 1972-ல் வந்த ‘பேர் ட்ரீஸ்’ இசைத் தட்டைக் கேட்டால், ப்ளூஸ் மெல்ல மெல்லக் கரைந்து வேறொன்றாவது தெரியும். அந்த மாறுதல் ஒரே நாளில் கலிபோர்னியா வெயிலில் நடந்ததல்ல.

1974-ல் ஒரு விபரீதம் நடந்தது. பெயர் தமக்கே சொந்தம் என்று சொல்லி, அப்போதைய மானேஜர் வேறு ஆட்களைச் சேர்த்து அதே பெயரில் அமெரிக்காவுக்குக் கச்சேரிக்கு அனுப்பினார். வழக்கு நடந்தது. கோர்ட்டுக்கு அது வியாபார உரிமையின் தகராறு. நமக்கோ அதுதான் முதல் கேள்வியின் பரீட்சை. பெயரில் உள்ள இருவரும் மேடையில் இல்லாதபோது அந்தப் பெயருக்கு உயிரில்லை என்பதை ரசிகர்களே கண்டுகொண்டு கூச்சலிட்டார்கள்.

அந்த வருஷக் கடைசியில் வெல்ஷும் விலகினார். லிண்ட்ஸி பக்கிங்ஹாமைக் கிதாருக்குக் கூப்பிட்டார்கள். தம் துணைவி ஸ்டீவி நிக்ஸ் இல்லாமல் வரமாட்டேன் என்றார் அவர். இருவரும் வந்தார்கள். 1977-ல் வந்த ‘ரூமர்ஸ்’ அமெரிக்கப் பட்டியலில் 31 வாரம் முதலிடத்தில் இருந்தது. மாக்வீ தம்பதி பிரிந்துகொண்டிருந்தார்கள். பக்கிங்ஹாமும் நிக்ஸும் பிரிந்துவிட்டார்கள். ஒருவரைப் பற்றி மற்றவர் எழுதிய பாட்டுக்கு, எழுதப்பட்டவரே துணைக்குரல் பாட வேண்டியிருந்தது. இந்த வம்பில்தான் ஜனங்களுக்கு ருசி. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மூன்று பேர் பாட்டு எழுதுகிறார்கள். மூன்றும் மூன்று சுபாவம். கிரிஸ்டீனிடம் நிதானம், நிக்ஸிடம் கனவு, பக்கிங்ஹாமிடம் கோபம். மூன்றையும் ஒரே தட்டில் சேர்த்து வைப்பது அடியில் ஓடுகிற அந்த டிரம்மும் பாஸும்தான். ‘தி செய்ன்’ என்ற பாட்டு ஒன்றுதான் அந்தத் தட்டில் ஐவர் பெயரிலும் இருக்கிறது. வெவ்வேறு துண்டுகளை ஒட்டிச் செய்தது. ஒட்டுகிற இடத்தில் மாக்வீ தனியாக வாசிக்கிற பாஸ், கோஷ்டியின் பத்து வருஷச் சரித்திரத்தையும் சில ஸ்வரங்களில் சொல்லிவிடுகிறது.

அப்படியானால் தாளக்காரர்கள் இருந்தால் போதுமா? போதாது. பக்கிங்ஹாம் 1987-லேயே விலகி, நிக்ஸும் போன பிறகு 1995-ல் ‘டைம்’ என்ற தட்டு வந்தது. பிளீட்வுட் இருந்தார், மாக்வீ இருந்தார், கிரிஸ்டீன்கூட இருந்தார். தட்டு யாரையும் தொடவில்லை. தூண்கள் இரண்டும் அப்படியே நின்றன, கூரைதான் இல்லை. பழைய ஐவரும் 1997-ல் மறுபடி கூடியதும் ஜனங்கள் திரண்டு வந்தார்கள்.

2018-ல் பக்கிங்ஹாமை நீக்கிவிட்டு, அவர் இடத்தில் மைக் காம்பெல், நீல் பின் என்று இரண்டு தேர்ந்த கலைஞர்களை வைத்து ஊர் ஊராகப் போனார்கள். கச்சேரிகள் நடந்தன. ஆனால் கிரீனுக்குப் பின் வந்தவர்கள் புதிய பாட்டு கொண்டுவந்தார்கள். இவர்கள் பழைய பாட்டைக் காக்க வந்தவர்கள். வித்தியாசம் அதுதான். ஆள் மாறியதால் ஒரு கோஷ்டி சாவதில்லை. வருகிறவன் தன்னுடையதைச் சேர்க்க இடம் இல்லாமல் போகிற அன்றுதான் அது சாகிறது.

கிரீன் 2020-லும், கிரிஸ்டீன் 2022-லும் காலமானார்கள். கிரீன் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்த பெயர் அவர் விலகிய பிறகும் அரை நூற்றாண்டு நின்றது. தம் பெயரை வைத்திருந்தால் அவரோடு போயிருக்கும். கலையில் தன்னை முன்னால் நிறுத்திக்கொள்ளாதவன் நீடிக்கிறான் என்று பொதுவாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அப்படித்தான் நடந்திருக்கிறது.