அணியச் சொன்ன செடி

இந்தப் புத்தகத்தைப் படிப்பதற்கு முன்பே எனக்கு அதன்மேல் கோபம் வந்துவிட்டது. காரணம் என் அறைத்தோழி. மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவள், யாரிடமும் சொல்லாமல் இணையத்தில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மாத்திரை ஒரு டப்பா வாங்கி அதையும் சேர்த்து விழுங்கியிருக்கிறாள். இரண்டே வாரத்தில் கை நடுக்கம், கொட்டும் வியர்வை, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. டாக்டர் கேட்டார்: “வேற என்னம்மா சாப்பிடுற? விட்டமின், மூலிகைன்னு எதுவா இருந்தாலும் சொல்லு.” இவள் தயங்கித் தயங்கிப் பெயரைச் சொன்னாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வேலையைத்தான் செய்யுது. சேர்ந்தா உடம்பு தாங்காது.” அன்றைக்கே டப்பா குப்பைக்குப் போனது. தப்பித்தாள்.

அவள் ஒரு வருடமாகத் தன்னை விக்கா என்று சொல்லிக்கொள்பவள். பௌர்ணமிக்கு மெழுகுவர்த்தி, ஆண்டுக்கு எட்டுப் பண்டிகை, பால்கனியில் சென்னை வெயிலுக்குச் செத்துச் செத்துப் பிழைக்கும் ரோஸ்மேரித் தொட்டி. மேசைமேல் எப்போதும் ஸ்காட் கன்னிங்ஹாமின் ‘என்சைக்ளோபீடியா ஆஃப் மேஜிகல் ஹெர்ப்ஸ்’ கிடக்கும். கிழித்துத் தொங்கவிடுகிற மாதிரி ஒரு கட்டுரை எழுதவேண்டும் என்றுதான் அதைக் கையில் எடுத்தேன்.

1985ல் வந்த புத்தகம் இது. 400க்கும் மேற்பட்ட செடிகொடிகள் அகரவரிசையில் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் நாட்டுப்புறப் பெயர்கள், ஆணா பெண்ணா, எந்தக் கிரகம், எந்தப் பூதம், என்னென்ன சக்தி என்று சில வரிகள். பேசில் ஆண்; செவ்வாய், நெருப்பு. லாவெண்டரும் ஆண், புதன், காற்று. மக்வோர்ட் பெண், வெள்ளி, மண். அதன் பிறகு அந்தச் செடியை வைத்து என்ன செய்வது என்று ஒன்றிரண்டு பத்திகள். தலையணைக்குள் வை, வாசலில் தொங்கவிடு, குளிக்கிற தண்ணீரில் போடு.

சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சின்னச் சின்ன வாக்கியங்களுக்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது. தத்துவம் பேசாது, பயமுறுத்தாது, காசு பிடுங்காது. சமையலறையில் இருப்பதை எடு, இதைச் செய் என்று மட்டும் சொல்லும். இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்கு, கைக்கு ஒரு வேலை கொடுக்கும் வாக்கியம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் புத்தகம் இல்லை, போன்தான் இருந்தது.

விக்காவைப் பழமையான மதம் என்று நினைத்துக்கொண்டுதான் பலர் உள்ளே வருகிறார்கள். இங்கிலாந்தில் சூனியச் சட்டம் நீக்கப்பட்டது 1951ல். ஜெரால்ட் கார்ட்னர் ‘விட்ச்கிராஃப்ட் டுடே’யை வெளியிட்டது 1954ல். ஐரோப்பியச் சூனியக்காரிகள் கிறித்தவத்துக்கு முந்தைய ஒரு மதத்தின் மிச்சம் என்று 1921ல் மார்கரெட் மர்ரே எழுதிய கோட்பாட்டை அவர் அப்படியே நம்பினார். வரலாற்றாய்வாளர்கள் அதை எப்போதோ கைவிட்டாயிற்று. ரொனால்ட் ஹட்டனின் ‘த ட்ரையம்ஃப் ஆஃப் த மூன்’ (1999) படித்தால் விக்கா எந்தெந்தத் துண்டுகளை ஒட்டி உருவானது என்பது விளங்கும். மதம் புதியது என்பதில் எனக்குப் புகார் ஒன்றுமில்லை. என்றைக்கோ ஒருநாள் புதிதாக இல்லாத மதம் எது? நான் தேடியது மூலிகைகளின் பூர்வீகத்தை. பேசிலுக்குச் செவ்வாய் எங்கிருந்து வந்தது?

அந்தத் தடத்தில் போனால் நிக்கலஸ் கல்பெப்பர் வந்து நிற்கிறார். பதினேழாம் நூற்றாண்டு லண்டன் மருந்தாளர், உள்நாட்டுப் போரில் பாராளுமன்றப் பக்கம் நின்று காயம்பட்டவர், 37 வயதில் இறந்தவர். மருத்துவர்கள் லத்தீனுக்குள் பூட்டி வைத்திருந்த மருந்து நூலை 1649ல் ஆங்கிலத்தில் பெயர்த்துப் போட்டார். மருத்துவர் கல்லூரிக்காரர்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 1652ல் ‘த இங்கிலிஷ் ஃபிசிஷியன்’. விலை மூன்று பென்ஸ். ஏழைகள் வாங்கவேண்டும் என்பதற்காகவே அந்த விலை. அதில் ஒவ்வொரு மூலிகைக்கும் ஒரு கிரகம் உண்டு. பேசில் அங்கேயும் செவ்வாய்தான். ஆனால் அருவதாவை (ஆங்கிலத்தில் ரூ) அவர் சூரியனிடம் கொடுக்கிறார், கன்னிங்ஹாம் செவ்வாய்க்கு மாற்றிவிடுகிறார். ஏன் என்று ஒரு சொல் இல்லை.

கிரகம் மாறியதுகூடப் போகட்டும். கல்பெப்பரின் பதிவுகளுக்கு ஒரு நிலையான அமைப்பு உண்டு: செடியின் தோற்றம், அது வளரும் இடம், பூக்கும் காலம், ஆளும் கிரகம், குணம். கன்னிங்ஹாமிடம் கிரகமும் குணமும் வந்து சேர்ந்தன. தோற்றம், இடம், காலம் மூன்றும் வழியிலேயே விழுந்துவிட்டன. இதைத்தான் இந்தப் புத்தகத்தின் பெரிய இழப்பாக நினைக்கிறேன். எந்த ஓடைக்கரையில், எந்த வேலியோரம், எந்த மாதத்தில் என்று கல்பெப்பர் எழுதியது அலங்காரத்துக்காக இல்லை. போய்ப் பறித்துக்கொள், கடைக்காரனிடம் ஏமாறாதே என்பதற்காக. இடத்தையும் காலத்தையும் எடுத்துவிட்டால் செடி ஒரு பெயராகிறது. பெயரைப் பறிக்க முடியாது, ஆர்டர்தான் போட முடியும். இதற்கு மூன்றாண்டு முன்னால் வந்த ‘மேஜிகல் ஹெர்பலிசம்’ நூலில் மூலிகை பறிக்கும் முறையைப் பற்றி அக்கறையோடு எழுதியவர்தான் கன்னிங்ஹாம். ஆனால் என் தோழியின் மேசையில் கிடந்தது அது இல்லையே.

மஞ்சளைத் தேடினேன். யார்தான் தேடமாட்டார்கள்? இருந்தது. தூய்மைப்படுத்தும் சக்தி, ஹவாய் மந்திரத்தில் உப்புத் தண்ணீரோடு கலந்து தெளிப்பார்களாம். நம் ஊரில் வாசலில் தெளிப்பதும், குழந்தைக்குப் பூசுவதும், அம்மை போட்ட வீட்டில் கரைப்பதும் எங்கே போயின? முதலில் எரிச்சல்தான். பிறகு யோசித்தேன்: அவர் சான் டியாகோவில் வாழ்ந்தவர், ஹவாய் மீது தீராத ஈடுபாடு கொண்டவர், கேட்டதை எழுதியிருக்கிறார். அதில் தப்பில்லை. ஆனால் இடம் குறிக்காத கலைக்களஞ்சியம் ஒரு தீவின் வழக்கத்தை உலகத்தின் வழக்கம்போல் வைக்கும். நம் வீட்டுச் செடி அதில் வரும்போதுதான் அது நமக்குத் தெரிகிறது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் நம் வீட்டுச் செடி இல்லை. அதனால் அவளுக்குத் தெரியவில்லை.

இன்னொரு செடியையும் சொல்லவேண்டும், ஃபாக்ஸ்குளோவ். கன்னிங்ஹாம் அதை நஞ்சு என்று எச்சரிக்கிறார். வேல்ஸ் பெண்கள் அதன் இலைச் சாயத்தால் குறுக்குக் கோடு இழுத்துத் தீமையை விரட்டினார்கள் என்கிறார். அதே செடியைப் பற்றி வில்லியம் விதரிங் என்ற மருத்துவர் 1785ல் ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார். உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு ஷ்ராப்ஷயர் கிழவி ஒருத்தி ரகசிய மருந்து வைத்திருந்தாள். அது 1775ல் அவரிடம் வந்தது. இருபதோ அதற்கு மேலோ மூலிகைகள் அதில். வேலை செய்வது இந்த ஒன்றுதான் என்று கண்டுபிடித்து, பிறகு பத்து வருடம் அளவு, வாந்தி, நாடித்துடிப்பு என்று குறித்துக்கொண்டே இருந்தார். இதயத்துக்குத் தரும் டிஜாக்சின் இந்தச் செடிக் குடும்பத்து மருந்துதான்.

அந்தக் கிழவியின் பெயரை விதரிங் எழுதவில்லை. விக்கா வட்டாரங்களில் அவளுக்கு ‘மதர் ஹட்டன்’ என்று பெயர் உண்டு, மருத்துவர் ஏமாற்றிப் பறித்துக்கொண்டார் என்று கதையும் உண்டு. நானும் உருகி உருகி நம்பியிருக்கிறேன். அந்தப் பெயரை 1928ல் ஒரு மருந்துக் கம்பெனியின் விளம்பரம் உருவாக்கியது என்று பிறகுதான் படித்தேன். பெயரில்லாத ஒருத்திக்குப் பெயர் கொடுத்தது மருந்து விற்கிறவர்கள். அவளைத் தங்கள் முன்னோடியாக எடுத்துக்கொண்டது மருந்துக் கம்பெனிகளை நம்பாதவர்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தக் கிழவிக்காக வருத்தமாகவும் இருந்தது. அவளிடமும் ஓர் அளவு இருந்திருக்கும் இல்லையா, எத்தனை பிடி, எவ்வளவு தண்ணீர், யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று? அதை யாரும் எழுதிவைக்கவில்லை.

கடைசியாகத்தான் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் பக்கத்தைத் திறந்தேன். ஆண், சூரியன், நெருப்பு. சக்திகளில் ஒன்று சந்தோஷம். ஜூன் 24, புனித யோவான் திருநாளை ஒட்டிப் பூக்கும் மஞ்சள் பூ, அதனால் அந்தப் பெயர். மொட்டை நசுக்கினால் விரலில் சிவப்பு ஒட்டும். பிசாசை ஓட்டும் செடி என்று இடைக்கால லத்தீனில் ஒரு பெயரே இருந்தது. கோடை நடுவிலோ வெள்ளிக்கிழமையிலோ பறித்து அணிந்தால் மனநோய் அண்டாது, மனச்சோர்வு தீரும் என்கிறார் கன்னிங்ஹாம்.

அணிந்தால். அந்த வார்த்தையில் வந்து நின்றுவிட்டேன். புத்தகம் சாப்பிடச் சொல்லவே இல்லை. நான் கிழிக்கத் தேடிய வாக்கியம் அங்கே கிடையாது. உடம்பில் அணிவதற்கும் உள்ளே விழுங்குவதற்கும் நடுவில் இருந்த தூரத்தை அவளே தாண்டியிருக்கிறாள், ‘தீரும்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு.

ஆனாலும் புத்தகத்தை முழுதாக விடுவிக்க எனக்கு மனமில்லை. ஏனென்றால் இந்தச் செடி உண்மையாகவே வேலை செய்கிறது. 29 சோதனைகளைத் தொகுத்த 2008ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வு, மனச்சோர்வுக்கு இது வெற்று மாத்திரையைவிட மேல் என்றும், வழக்கமான மருந்துகளுக்கு ஏறக்குறைய சமம் என்றும் சொன்னது. வேலை செய்வதுதான் ஆபத்தே. மற்ற மருந்துகளைக் கல்லீரல் சீக்கிரம் சிதைத்துவிடும்படி செய்யும், கருத்தடை மாத்திரையின் பலன் குறையலாம், மன அழுத்த மாத்திரையோடு சேர்ந்தால் அவளுக்கு நடந்தது நடக்கும். வாசலில் தொங்கினாலே போதும் என்கிற செடியும் ரத்தத்தில் கலந்து வேலை செய்கிற செடியும் இந்தக் கலைக்களஞ்சியத்தில் ஒரே குரலில் பேசப்படுகின்றன. நஞ்சுக்கு எச்சரிக்கை உண்டு, மருந்துக்குக் கிடையாது. கல்பெப்பரிடம் நூறு தப்பு இருக்கலாம், ஆனால் தன் வாசகர் அந்தச் செடியைக் குடிக்கப்போகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கன்னிங்ஹாமுக்கு அது தோன்றவே இல்லை. அவர் வாசகர்கள் மந்திரம் செய்யத்தான் வருகிறார்கள் என்று நம்பினார். நோய் தீர வருகிறவர்கள் எத்தனை பேர்!

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். “நீ இவ்ளோ படிச்சதுக்கு என்கிட்டயே கேட்டிருக்கலாம்டி” என்றாள். “அணியணும்னு எனக்கும் தெரியும். ஆனா அணிஞ்சா யாருக்காவது சரியாகுமா, சொல்லு?”

என்னிடம் பதில் இல்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள். புத்தகத்தைத் திருப்பிக் கேட்டாள், கொடுத்துவிட்டேன். ரோஸ்மேரி இந்தத் தடவையும் கருகிவிட்டது. வேறு தொட்டி வாங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.