மண் தேய்த்த இரும்பு

பழைய உழவுக் கருவியை விற்க வருகிறவர் முதல் வேலையாகப் பெயிண்ட் அடித்துவிடுவார். வாங்கத் தெரிந்தவர் பெயிண்ட் போய்ச் சேராத இடங்களைத்தான் முதலில் பார்ப்பார்: டிராக்டரின் கை மாட்டும் பின், கொத்து அசையும் ஓட்டை, ஸ்பிரிங்கின் உள்சுற்று, சட்டியின் விளிம்பு.

தேய்ந்திருக்கிறதே என்று உதட்டைப் பிதுக்குபவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். கொழு தேய்வதற்கென்றே போட்டது. இரண்டு முனையும் ஒன்றுபோல் இருக்கும். ஒன்று மழுங்கினால் கழற்றித் திருப்பி மாட்டுகிறோம், அதுவும் போனால் புதுசு. எவ்வளவு தேய்ந்தது என்பதைவிட எப்படித் தேய்ந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒன்பது கொத்துக் கலப்பையில் டயர் தடத்துக்கு நேர் பின்னால் வரும் கொழுக்கள் கூடுதலாகத் தேய்ந்திருந்தால் நியாயம். டயர் அமுக்கிய மண்ணைக் கிளறுவது அவைதாம். முன்வரிசை மட்டும் கரைந்திருந்தால் டாப் லிங்கைக் குட்டையாக வைத்து ஓட்டியிருக்கிறார்கள். ஓர் ஓரம் மட்டும் பாதியாகியிருந்தால், லிப்ட் ராடைத் திருகி மட்டம் பார்க்கச் சோம்பல்பட்ட டிரைவர். அப்படிப்பட்டவர் கிரீஸ் வைத்திருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வராது.

எந்த ஊர் மண்ணில் ஓடியது என்றும் கேட்க வேண்டும். மணல் கலந்த செம்மண் கொழுவை அரம் போல ராவிவிடும், ஆனால் சட்டத்தை அவ்வளவாகச் சோதிக்காது. கரிசல் நேர்மாறு. கோவில்பட்டிப் பக்கத்துக் கலப்பையின் கொழு பார்க்க அழகாக இருக்கும். காய்ந்து இறுகிய கரிசலில் இழுபட்ட சட்டமோ முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஒரு முனையில் குந்தி, ஒரு கண்ணை மூடிச் சட்டத்தின் நீளவாக்கில் பார்த்தால் தெரிந்துவிடும். நம்பிக்கை இல்லையென்றால் மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்க்கலாம். பிறகு ஒவ்வொரு கொத்தையும் பக்கவாட்டில் ஆட்ட வேண்டும். ‘டக் டக்’கென்று அடித்தால் ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போய்விட்டது, புஷ் அடித்துச் சரிசெய்யும் கூலியை விலையில் கழிக்க வேண்டியதுதான்.

எனக்குப் பிரியமானது சட்டிக் கலப்பை. மூன்று சட்டி வைத்தது பெரும்பாலும் 300 கிலோவைத் தாண்டும். அது மண்ணுக்குள் இறங்குவதே தன் கனத்தாலும் சட்டி சாய்ந்திருக்கும் கோணத்தாலும்தான். கனமான பழைய சட்டத்துக்கு அதனால்தான் மவுசு. சட்டியைச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் ஓசை நீள வேண்டும். செத்த சத்தம் வந்தால் எங்கோ விரிசல். கையால் சுழற்றிவிட்டால் விளிம்பு நடுங்காமல் ஓட வேண்டும்; நடுங்கினால் பேரிங். 26 அங்குலச் சட்டி நாலு அங்குலம் குறைந்துவிட்டால் ஆழம் போகாது. சட்டியை மாற்றிக்கொள்ளலாம், சட்டத்தை மாற்ற முடியாது. உழுது பளபளத்த சட்டியின் உட்குழிவில் மண் ஓடிய கோடுகள் வளைந்து வளைந்து தெரியும். எந்தப் பெயிண்டும் அந்த அழகுக்கு ஈடாகாது.

வெல்டிங் தழும்பு கெட்ட சகுனமல்ல. நல்ல பட்டறைக்காரர் பட்டி வைத்துப் பிடித்த மூலை பழையதைவிடப் பலமாக நிற்கும். ஆனால் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே மயிரிழையாக ஒரு துருக்கோடு பெயிண்டுக்கு அடியில் தெரிந்தால், கைகுலுக்காமல் கிளம்பிவிடலாம்.

இந்தச் சந்தையே நடப்பதற்கு ஹாரி பெர்குசன் என்ற அயர்லாந்துக்காரருக்கு நன்றி சொல்ல வேண்டும். 1920களில் அவர் வடித்த மூன்று புள்ளி இணைப்பு 1939இல் ஃபோர்டு டிராக்டரோடு சேர்ந்து பரவி, பின்னாளில் எல்லா நிறுவனங்களுக்கும் பொது அளவாகிவிட்டது. முப்பது வருஷத்துக் கலப்பை இன்றைய டிராக்டரில் மாட்டுவது அதனால்தான். கீழ்க்கையின் பின் 22 மில்லிமீட்டரா, 28ஆ என்று மட்டும் அளந்துகொள்ள வேண்டும். பின்னின் பின்புறம் தேய்ந்திருந்தால் அது இழுத்த தேய்மானம். தோள்பட்டையில் வடு இருந்தால் செயின் தளர்ந்து ஆட்டம் போட்ட கருவி.

ரொட்டவேட்டர் விஷயத்தில் மனசைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். உள்ளே கியர், பேரிங், ஆயில் சீல். டெல்டாவில் சேறடித்த மிஷின் என்றால் கியர் பாக்ஸ் பிளக்கைக் கழற்றி எண்ணெயைப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. பிளேடு தேய்ந்ததற்குக் கவலைப்பட வேண்டாம், ரோட்டர் குழாயின் இரு முனையிலும் சேறு குடித்த சீலுக்குத்தான் கவலைப்பட வேண்டும். ‘போன வெள்ளாமைக்குத்தானுங்க சர்வீஸ் பண்ணினது’ என்பார்கள். சரிங்கண்ணா என்று சொல்லிக்கொண்டே பிளக்கைக் கழற்றுங்கள்.

விலைக்கு அடிமட்டம் காயலான் கடை எடை. அதற்குக் கீழே எவரும் தரமாட்டார். மேல்மட்டத்தை மானியம் தீர்மானிக்கிறது. 2014-15இல் வந்த மத்திய அரசின் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் புதுக் கருவிக்கு 40 முதல் 50 சதவீதம் வரை மானியம் உண்டு. பழைய ரொட்டவேட்டருக்கு விலை பேசும்போது மானியம் போகப் புதுசு என்ன விலைக்கு வரும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். சட்டிக் கலப்பைக்கு நான் அந்தக் கணக்குப் பார்ப்பதில்லை. சட்டம் நேராக இருந்தால் கேட்ட விலைக்குப் பக்கமாகவே கொடுத்துவிடுவேன்.