கார்புரேட்டரைக் கழற்றும் முன் கேஜை மாட்டுங்கள்

ஐட்லிங்கில் உதறும் பழைய பெட்ரோல் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டால், பெரும்பாலும் முதலில் கழற்றப்படுவது கார்புரேட்டர்தான். ஜெட்டை ஊதுவார்கள், கிட் மாற்றுவார்கள், ஸ்க்ரூவைத் திருகி ஐட்லிங்கை ஏற்றிவிடுவார்கள். சில நாளில் உதறல் திரும்பிவிடும். கார்புரேட்டருக்குக் கீழே எங்கோ காற்று கள்ளத்தனமாக உள்ளே போய்க்கொண்டிருந்தால், மேலே எத்தனை முறை கழுவினாலும் பயன் இல்லை. அந்தச் சந்தேகத்தை ஐந்தே நிமிடத்தில் எழுப்பிவிடும் கருவி வேக்குவம் கேஜ். ஒரு டயல், ஒரு முள், ஒரு ரப்பர் குழாய், அவ்வளவுதான். கார்புரேட்டர் வண்டியை இன்னும் வேலைக்கு வைத்திருப்பவர்கள் அவசியம் வாங்க வேண்டும் என்பது என் முடிவு.

வண்டியும் புகாரும்

நம் ஊரில் லாரி என்றாலே டீசல். கார்புரேட்டரோடு சரக்கு சுமக்கும் பெட்ரோல் வண்டி என்று தேடினால், சென்னைத் தெருக்களில் கண்ணில் படுவது பழைய மாருதி ஆம்னிதான். 1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, பின்பு ஆம்னியாகி, 2019 வரை தயாரிப்பில் இருந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர். பெட்ரோலை இன்ஜெக்டர் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ வருவதற்கு முன் வந்தவை எல்லாம் கார்புரேட்டர் வண்டிகள். மாருதிக்குக் கார்புரேட்டர் செய்து கொடுத்த யூகால் நிறுவனமும் நம்முடையதே. ஜப்பானின் மிக்குனியோடு கைகோத்து 1985-ல் தொடங்கி, மறைமலை நகரில் ஆலை வைத்தது.

கேஜைச் சோதித்த வண்டி தொண்ணூறுகளின் கடைசியில் வந்த ஓர் ஆம்னி. விடியற்காலையில் கோயம்பேட்டில் பூ ஏற்றி, வடபழனி முருகன் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளுக்குப் போட்டுவிட்டு வரும். "ஓடும்போது ஒரு குறையும் இல்ல சார். நூறடி ரோடு சிக்னல்ல நின்னாத்தான் உதறுது. அப்புறம் ஆஃப் ஆயிடுது" என்றார் உரிமையாளர். பாதி நோயறிதல் இந்தப் பேச்சிலேயே இருக்கிறது. ஐட்லிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்று மிகக் குறைவு. அதோடு ஓட்டை வழியாக வரும் காற்றும் சேர்ந்தால் பெட்ரோல்-காற்றுக் கலவை சட்டென்று மெலிந்துவிடும். ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் காற்று பல மடங்கு பெருகுவதால் அதே ஓட்டை பொருட்டாகத் தெரியாது. நின்றால் உதறல், ஓடினால் சுகம் என்றால் முதல் சந்தேகம் ஏர் லீக் மீது விழ வேண்டும்.

முள் என்ன சொல்கிறது

ஐட்லிங்கில் திராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கிறது. பிஸ்டன்கள் காற்றை இழுக்கின்றன, உள்ளே வர வழி குறுகல். அதனால் மேனிபோல்டுக்குள் உண்டாகும் வெற்றிடத்தைக் கேஜ் பாதரச அங்குலத்தில் காட்டும். கடல் மட்டத்தில், நல்ல நிலையில் உள்ள இன்ஜினுக்கு 17 முதல் 21 வரை முள் அசையாமல் நிற்க வேண்டும். ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். ஏழாயிரம் அடிக்கு மேல் இருக்கும் ஊட்டியில் இதே வண்டி 11, 12 காட்டினாலும் குற்றமில்லை. வடபழனியில் அந்தக் கணக்கே வேண்டாம். டயலில் உள்ளதை அப்படியே படிக்கலாம்.

முள் எங்கே நிற்கிறது என்பதைவிட எப்படி அசைகிறது என்பதில்தான் இந்தக் கருவியின் அருமை. ஒரே சீரான இடைவெளியில் டக் டக்கென்று விழுந்தால் ஒரு வால்வு கருகியிருக்கலாம். ஐட்லிங்கில் படபடத்து, ரேஸ் கொடுத்ததும் நிதானமானால் வால்வு கைடு தேய்ந்திருக்கிறது. ரேஸை ஏற்றிப் பிடித்திருக்கும்போது ரீடிங் மெல்ல மெல்ல இறங்கினால் சைலன்சர் அடைத்திருக்கிறது. மெதுவாக மேலும் கீழும் ஊசலாடினால் கலவையில் கோளாறு. அசையாமல் தாழ்வாக நின்றால் டைமிங் பின்தங்கியிருக்கிறது, இல்லையென்றால் ஏர் லீக். மூன்று சிலிண்டர் இன்ஜினில் இழுப்புகளுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்பதால் முள் இயல்பாகவே லேசாகத் துடிக்கும். குழாயை விரலால் சற்று அழுத்தினால் அந்தத் துடிப்பு அடங்கி ரீடிங் தெளிவாகும்.

மாட்டும் இடம்

புதிதாக வாங்குகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். டிஸ்ட்ரிபியூட்டரின் அட்வான்ஸ் டயாபிரத்துக்குப் போகும் குழாய் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். பல கார்புரேட்டர்களில் அதன் துளை திராட்டில் தட்டுக்கு மேலே இருப்பதால், ஐட்லிங்கில் அங்கே வெற்றிடமே இராது. முள் பூஜ்யத்தில் கிடப்பதைப் பார்த்து இன்ஜினே போய்விட்டது என்று பயந்துவிடக் கூடாது. மேனிபோல்டிலிருந்தே நேராக வரும் குழாயில், பிரேக் பூஸ்டர் உள்ள வண்டி என்றால் அதன் குழாயில், டி இணைப்பு போட்டு மாட்ட வேண்டும். ஆம்னியில் முன்சீட்டைத் தூக்கினாலே இன்ஜின் தெரியும், வேலை எளிது. வண்டி நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், சோக் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், ஹேண்ட்பிரேக் போட்டிருக்க வேண்டும்.

சோதனையில் கண்டது

முள் 13-ல் அசையாமல் நின்றது. டைமிங் லைட் வைத்துப் பார்த்தோம், டைமிங்கில் குறை இல்லை. சோக்கைப் பாதி இழுத்ததும் உதறல் தணிந்தது. பெட்ரோல் கூடினால் சீராகிறது என்றால் கலவை மெலிந்திருக்கிறது என்று பொருள். ஆனால் ஸ்லோ ஜெட் அடைத்திருந்தாலும் இதே போலத்தான் இருக்கும் என்பதால் கார்புரேட்டரை இன்னும் விடுவிக்க முடியாது. வேக்குவம் குழாய்களை ஒவ்வொன்றாக நெருக்கிப் பிடித்துப் பார்த்தோம். ஒன்றை நெருக்கியபோது முள் ஓர் அங்குலம் ஏறியது. கழற்றி வளைத்தால், வெயிலில் காய்ந்த ரப்பரில் விரல் நீளத்துக்கு வெடிப்பு.

மீதிக் குறை எங்கே? இணைப்புகளின் மேல் கார்ப் கிளீனரோ பெட்ரோலோ அடித்து இன்ஜின் சத்தம் மாறுகிறதா என்று பார்ப்பது வழக்கம். ஆம்னியில் இதைச் செய்யவே கூடாது. இன்ஜின் இருப்பது சீட்டுக்கடியில். ஆவி அங்கேயே தங்கும், பழைய பிளக் ஒயர் ஒன்று பொறிவிட்டால் தீப்பிடிக்கும். தண்ணீர் ஸ்ப்ரே போதும். ஓட்டை இருக்கும் இடத்தைத் தண்ணீர் ஒரு கணம் அடைக்கும், முள் துள்ளும். கார்புரேட்டருக்கும் மேனிபோல்டுக்கும் நடுவில், சூடு மேலேறாமல் தடுக்கும் தடித்த பேக்கிங் உண்டு. அதன் ஓரத்தில் நீர் பட்டதும் முள் சட்டென்று ஏறியது. நட்டுகளை அளவுக்கு மீறி முறுக்கியதில் அடித்தட்டு வளைந்திருந்தது. அதைச் சமன்செய்து, புதுப் பேக்கிங்கும் புதுக் குழாயும் போட்ட பிறகு முள் 18-ல் நின்றது. கார்புரேட்டரின் உள்ளே எதையும் தொடவில்லை. முன்பு உதறலை மறைக்க ஏற்றிவைத்திருந்த ஐட்லிங் ஸ்க்ரூவை மட்டும் இறக்கினோம்.

லீக்கை அடைக்காமல் கலவை ஸ்க்ரூவைத் திறந்து சமாளித்தால் புகைச் சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள். பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய பெட்ரோல் நான்குசக்கர வண்டிகளுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பெட்ரோல் கூடினால் முதலில் எகிறுவது அந்த எண்தான்.

இப்போது இன்னும் தேவை

பங்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோல் இந்தக் கருவியின் தேவையைக் கூட்டியிருக்கிறது. சாதாரணப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்ததற்குச் சுமார் 13.5 போதும். எம்பிஎஃப்ஐ வண்டி சென்சார் கொண்டு சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டரின் ஜெட்டோ மாறாத ஒரு துளை, அதனால் கலவை தானாகவே மெலியும். எத்தனாலைத் தாங்கச் செய்யப்படாத பழைய ரப்பரும் சீக்கிரம் கெடும். ஏற்கெனவே மெலிந்த கலவைக்குச் சின்ன லீக் ஒன்றே போதும், வண்டி சிக்னலில் நின்றுவிடும்.

நிறை, குறை, தீர்ப்பு

போனோடு சேரும் ஓபிடி ஸ்கேனருக்கு இந்த வண்டிகளில் செருகும் இடமே கிடையாது. அதனால் இன்ஜினைத் திறக்காமல் உள்ளே பார்க்க எளிய வழி வேக்குவம் கேஜ். பேட்டரி வேண்டாம், ஒரு முறை வாங்கினால் பல வருடம் உழைக்கும். குறைகளும் உண்டு. லீக் இருக்கிறது என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. டைமிங் கோளாறையும் லீக்கையும் ஒரே மாதிரி காட்டும் என்பதால் டைமிங் லைட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். மலிவான கேஜ்களில் மாட்டும் முன்பே முள் பூஜ்யத்தில் நிற்காது. கடையிலேயே பார்த்து வாங்குங்கள். கை பம்ப் சேர்ந்த வகை கிடைத்தால் அதையே எடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் டயாபிரமும் பூஸ்டரும் வெற்றிடத்தைப் பிடித்து வைக்கின்றனவா என்று வண்டியை ஓட்டாமலே சோதிக்கலாம்.

எம்பிஎஃப்ஐ வண்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயமில்லை. ஆம்னி, பழைய 800, ஜிப்சி, அம்பாசடர், பத்மினி என்று கார்புரேட்டரோடு வாழ்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். பிளக், டைமிங், லீக், கடைசியில் கலவை என்று சோதிக்கும் வரிசையை மாற்றாதீர்கள். வாங்கியதும், வண்டி நன்றாக ஓடும் ஒரு நாளில் ரீடிங் எடுத்துத் தேதியோடு சர்வீஸ் நோட்டில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு இன்ஜினுக்கும் அதற்கென்று ஓர் அளவு உண்டு. நாளை கோளாறு வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க, புத்தகத்தில் உள்ள பொது எண்ணைவிட உங்கள் வண்டியின் சொந்த எண்தான் உதவும்.