பால்பல்லுக்கு எந்த ஃபில்லிங்? கேள்வியே கொஞ்சம் கோணல்

பால்பல் சொத்தையை எதை வைத்து அடைப்பது என்று ஏகப்பட்ட ஆய்வுகள் இருக்கின்றன. அமால்கம், காம்போசிட், கிளாஸ் அயனோமர், நடுவில் காம்போமர். பெரும்பாலும் எல்லாமே கேட்பது ஒன்றைத்தான்: எது அதிக நாள் நிற்குது?

பெரியவர்கள் பல்லுக்கு இது சரியான கேள்வி. பால்பல்லுக்குப் பாதிக் கேள்விதான். கடைசிக் கடைவாய்ப் பால்பல் எப்படியும் 10, 12 வயசுல விழுந்துடும். அதுவரை வலியும் சீழும் வராமல் இருக்கணும், அவ்வளவுதான். ஃபில்லிங் உடைஞ்சாலும் பல்லில் வலி இல்லாமல் இருக்கலாம். ஃபில்லிங் அப்படியே நிற்க, அடியில் நரம்பு செத்தும் போகலாம். இந்த இரண்டையும் ஒரே கணக்கில் 'தோல்வி' என்று போட்டால் பெற்றோருக்கு என்ன பிரயோஜனம்?

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தது ஸ்காட்லாந்து ஆய்வு. நிக்கோலா இன்ஸும் அவருடைய குழுவினரும் செய்தது. முதல் முடிவு 2007, ஐந்தாண்டு முடிவு 2011. 132 குழந்தைகள். ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு கடைவாய்ப் பற்கள்: ஒன்றில் டாக்டர் வழக்கமாகப் போடும் ஃபில்லிங், இன்னொன்றில் ஹால் முறை. ஹால் முறையில் குடைவது இல்லை, ஊசி இல்லை, சொத்தையைச் சுரண்டுவதும் இல்லை. ஸ்டீல் கேப்புக்குள் சிமென்ட்டை நிரப்பிப் பல்மேல் அழுத்தி மாட்டிவிடுகிறார்கள். உள்ளே மாட்டிக்கிட்ட கிருமிக்குச் சாப்பாடு கிடைக்காமல் சொத்தை அடங்கிப் போகிறது.

இவர்கள் தோல்வியை இரண்டாகப் பிரித்தார்கள். நரம்பு கெடுவது, சீழ் கட்டுவது மாதிரியானவை பெரிய தோல்வி: ஃபில்லிங்கில் 16.5 சதவீதம், கேப்பில் 3. ஃபில்லிங் விழுவது, தேய்வது மாதிரியானவை சின்ன தோல்வி: 42-க்கு 5.

இதைப் படித்துவிட்டு 'ஸ்டீல் ஜெயிச்சுது' என்று முடித்துவிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. எதிர்த்தரப்பு ஃபில்லிங்கில் பெரும்பகுதி கிளாஸ் அயனோமர். கேப்பை ஒட்ட உள்ளே வைத்த சிமென்ட்டும் கிளாஸ் அயனோமர்தான்! அதே சரக்கு, குழிக்குள் வைத்தால் தோற்குது, கேப்புக்கு அடியில் வைத்தால் ஜெயிக்குது. அப்போ போட்டி பொருளுக்கும் பொருளுக்கும் நடுவில் இல்லை. சொத்தையைச் சுற்றி முழுசா மூடினோமா, இல்லையா என்பதுதான் விஷயம்.

காம்போசிட்டுக்கும் இது பொருந்தும். பல் காய்ந்திருந்தால்தான் அது சரியாக ஒட்டும். நாலு வயசுக் குழந்தை அழுது, நாக்கைத் தள்ளி, எச்சில் வடித்துக்கொண்டிருக்கும்போது பல்லை எங்கே காய வைப்பது? கிளாஸ் அயனோமர் கொஞ்சம் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், ஃபுளோரைடும் விடும். ஆனால் இரண்டு பல்லுக்கு நடுவில் விழுந்த சொத்தையில் சீக்கிரம் உடையும். காகிதத்தில் பலசாலியாக இருக்கும் பொருள், அசையும் குழந்தை வாயில் நோஞ்சானாகிவிடலாம். ஒத்துழைக்கும் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில் இது தெரியாது.

ஸ்காட்லாந்து ஆய்விலும் ஓட்டை உண்டு. கேப் வெள்ளி நிறத்தில் பளிச்சென்று தெரியும், அதனால் எந்தப் பல்லுக்கு என்ன சிகிச்சை என்பதை யாரிடமும் மறைக்க முடியாது.

அதைவிட முக்கியம், 2020-ல் வந்த பிரிட்டனின் ஃபிக்ஷன் ஆய்வு. 3 முதல் 7 வயது வரை 1144 குழந்தைகள், மூன்று பிரிவு: வழக்கமான ஃபில்லிங், கேப் உள்ளிட்ட மூடிவைக்கும் முறை, வெறும் தடுப்பு மட்டும். வலியோ சீழோ வந்தவர்கள் முறையே 42, 40, 45 சதவீதம். சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. சாதாரண கிளினிக்கில் எந்த வழியில் போனாலும் பத்தில் நாலு குழந்தைக்குத் தொந்தரவு வந்திருக்கிறது.

ஆக, 'எந்தப் பொருள்?' என்பது இரண்டாவது கேள்வி. டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது: இந்தப் பல் விழ இன்னும் எத்தனை வருஷம்? சொத்தை நரம்புக்கு எவ்வளவு கிட்ட இருக்கு? என் பிள்ளை எவ்வளவு நேரம் வாயைத் திறந்து வைத்திருப்பான்? இதற்கெல்லாம் பதில் வந்த பிறகு வெள்ளையா வெள்ளியா என்று பேசலாம்.