ஹெரால்டு ரசனை: வண்டலூரிலிருந்து பழவேற்காடு வரை

சென்னையின் சொந்தக் கார் எது என்று பழைய வண்டிப் பிரியர்களைக் கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அம்பாசடர் கல்கத்தாவை ஒட்டிய உத்தர்பாராவில் செய்யப்பட்டது. ஃபியட் பம்பாயின் குர்லாவில். ஹெரால்டு மட்டும் வண்டலூரில் பிறந்த வண்டி. நாட்டில் வாங்கக் கிடைத்த கார்களே மூன்று நான்கு என்றிருந்த காலத்தில், அவற்றுள் ஒன்று சென்னைப் புறநகரிலிருந்து வந்தது. அரசு அதிகாரிக்கு அம்பாசடர், வியாபாரிக்கு ஃபியட், தானே ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் இளைஞருக்கு ஹெரால்டு என்று ஊர் ஒருவாறு பிரித்து வைத்திருந்தது. அந்தப் பிரிவினையில் கொஞ்சம் மிகை உண்டு, உண்மையும் உண்டு.

வண்டியின் மூலம் இங்கிலாந்து. ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் அதை வெளியிட்டது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிகெலோட்டி. ஹெரால்டு என்பது அந்த நிறுவனத்தின் தலைவர் ஆலிக் டிக் வைத்திருந்த படகின் பெயர். ஏரிக்கரை மீனவ ஊரான பழவேற்காட்டில் கொண்டுபோய் நிறுத்த இதைவிடப் பொருத்தமான கார் வேறு இருக்க முடியாது. இந்தியாவில் 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் நிறுவனம், டிரையம்ப் பெயரை விட்டுவிட்டு, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று விற்றது.

அக்காலத்தில் மற்ற நிறுவனங்கள் சட்டமும் கூடும் ஒன்றாகச் சேர்ந்த உடலமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. முழுக் கூட்டையும் அழுத்திக் கொடுக்க ஆள் கிடைக்காத ஸ்டாண்டர்டு-டிரையம்ப், தனிச் சட்டத்தின் மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு மாட்டும் பழைய முறைக்கே போனது. கட்டாயத்தால் எடுத்த இந்த முடிவுதான் அறுபது ஆண்டு கழித்தும் ஹெரால்டைப் பிழைக்க வைத்திருக்கிறது. துருப்பிடித்த துண்டை மட்டும் கழற்றி வேறு மாட்டலாம். பானெட்டும் இரண்டு முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜினில் வேலை பார்க்கலாம். குனிந்து குனிந்து இடுப்பொடிந்த மெக்கானிக்குகளிடம் கேட்டால் இந்த வசதியின் அருமை தெரியும்.

ஓட்டும்போது முதலில் பிடித்துப்போவது ஸ்டியரிங். வண்டி ஏறத்தாழ 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் அடித்துவிடும். மயிலாப்பூர் மாட வீதியின் சந்துகளில் அம்பாசடர் மூன்று தடவை முன்னும் பின்னும் போய்த் திரும்பும் இடத்தில், இது ஒரே வீச்சில் திரும்பிவிடும். இரண்டாவது, தரையில் நிற்கும் கியர். மற்ற இரண்டு கார்களிலும் கியர் ஸ்டியரிங் தண்டோடு ஒட்டியிருந்த நாட்களில், இந்தக் குட்டைக் கம்பியைக் கையில் பிடிப்பதே பந்தயக் காரில் உட்கார்ந்த எண்ணத்தைத் தந்தது. இன்ஜின் என்னவோ 948 சிசிதான். முதல் கியரில் சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் தள்ள வேண்டுமானால் கிளட்சை இரண்டு முறை மிதித்து வேகத்தை ஒத்திசைக்க வேண்டும். தெரியாதவர் செய்தால் பல் அரைபடும் சத்தம் தெருவுக்கே கேட்கும்.

குறை பின் சக்கரத்தில் இருக்கிறது. குறுக்குவாட்டில் ஒரே பட்டை ஸ்பிரிங், அதில் தொங்கித் தனித்தனியாக ஆடும் இரண்டு அரை ஆக்சில்கள். காகிதத்தில் நவீன ஏற்பாடு. நம் ஊரில் பின்சீட்டில் நான்கு பேரும் டிக்கியில் ஒரு மூட்டை அரிசியும் ஏறியதும், சக்கரங்களின் மேல்விளிம்பு உள்ளே சாய்ந்து டயர் ஒருபக்கமாகத் தேயும். பாரமில்லாமல் வேகமாக வளைந்து, நடுவில் ஆக்சிலரேட்டரை விட்டால், பின்பக்கம் எழும்பி வழுக்கப் பார்க்கும். ஹெரால்டை நேசிப்பவர்கள் இதைக் குணம் என்பார்கள். குறை என்பதே சரி. தொழிற்சாலையும் அதை ஒப்புக்கொண்டதுபோல் பிற்பாடு வந்த கேசல் என்ற காரில் உறுதியான ஒரே ஆக்சிலுக்கு மாறியது. அதற்கு முன் 1968இல் வந்த மார்க் 3இல் நான்கு கதவுகள் வைத்தார்கள். இங்கிலாந்தில் ஹெரால்டு கடைசி வரை இரண்டு கதவு வண்டிதான். நான்கு கதவு ஹெரால்டு வண்டலூரின் சொந்தக் கைவேலை. பார்ப்பதற்கு இரண்டு கதவு வண்டிதான் அழகு. குடும்பத்தோடு போக நான்கு கதவு.

எழுபதுகளின் பிற்பகுதியில் கார் உற்பத்தி நின்றது. 1985இல் ரோவரின் உடலில் பழைய வேன்கார்டு காலத்து இன்ஜினைப் பொருத்தி ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய காரை வெளியிட்டார்கள். விலை அதிகம், வேகம் குறைவு. 1988இல் கதை முடிந்தது.

சென்னைக்குக் கார் மோகம் ஹெரால்டோடு வந்ததல்ல. 1840இல் தொடங்கிய சிம்சன் நிறுவனம் குதிரை வண்டி கட்டியே பேர் வாங்கியது. அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவிக் கார் ஒன்றைக் கட்டினார். கன்னிமாரா நூலகக் கட்டடத்தை எழுப்பிய ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டியைச் சென்னையில் கார் வாங்கிய முதல் இந்தியர் என்று நகர வரலாற்றாளர்கள் குறிக்கிறார்கள்.

வைத்திருப்பது என்பது வேறு சங்கதி. பழைய காரின் உரிமையாளர் என்றால் பாதி நேரம் உதிரிபாகம் தேடி ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் அலைபவர் என்று பொருள். சி.பி. பாயின்ட், கண்டென்சர், ஃபேன் பெல்ட் போன்றவை கிடைத்துவிடும். முன்விளக்கின் வளையம், கதவுக் கைப்பிடி, ஸ்பீடோமீட்டரின் முகப்பு ஆகியவற்றுக்குத்தான் தவம் கிடக்க வேண்டும். கோடையில் பெட்ரோல் பம்பு சூடேறி, குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி, வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிப் பத்து நிமிடம் காத்திருப்பதே மருந்து. இதைச் செய்யத் தெரிந்தவரே ஓட்டுநர் என்பது அந்தத் தலைமுறையின் இலக்கணம்.

டிங்கரிங் வேலையில்தான் ரசனையின் தரம் தெரியும். துருப்பிடித்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைவை மீட்டெடுப்பது ஒரு வகை. துருவின் மேலேயே பட்டியை அப்பித் தேய்த்துப் பெயின்ட் அடிப்பது இன்னொரு வகை. இரண்டும் முதல் நாள் ஒன்றுபோலவே மின்னும். விரல் மடக்கித் தட்டிப் பார்த்தால் தகடு கணீரென்று சொல்லும். பட்டி பொத்தென்று சொல்லும். காந்தத்தை ஒட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. கண்ணாடிபோல் பளபளக்கும் புது உலோகப் பூச்சு நிறங்களை 1965ஆம் வருட வண்டிக்கு அடிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அந்தக் காலத்துக் கார்களின் வெளிர் நிறங்களுக்கு இருந்த அடக்கம் இவற்றில் வராது. மங்கிய அசல் பெயின்டோடு நிற்கும் வண்டியை மறுபூச்சு வண்டிக்கு மேலாக மதிப்பதே சரியான ரசனை.

கண்காட்சிகளில் இந்த வாக்குவாதம் வெளிப்படையாகவே நடக்கும். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் நடத்தும் காட்சிகளில் வண்டிகள் வரிசைகட்டி நிற்க, கேள்விகள் பறக்கும்: கார்புரேட்டர் ஒரிஜினலா, சீட் துணி எப்போது மாற்றியது, ஆர்.சி. புக்கில் எத்தனையாவது பெயர். வடபழனி ஏவிஎம் ஸ்டுடியோவில் 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில் சினிமாச் சாமான்களோடு பழைய கார்களும் நிற்கின்றன. கோவையில் ஜி.டி. நாயுடு நினைவாக அமைந்த ஜீடி கார் அருங்காட்சியகம் இன்னும் ஒழுங்கானது. எந்த வண்டி எந்தத் தொழில்நுட்பத்தை முதலில் கொண்டுவந்தது என்று படிப்படியாகச் சொல்லும்.

சட்டமும் இப்போது பழைய வண்டியைத் தனி இனமாக ஏற்கிறது. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவுக்குப் பிறகு 50 ஆண்டு கடந்த, உருமாறாத வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். கட்டணம் ரூ.20,000, 10 ஆண்டுக்குச் செல்லும். புதிதாகப் பதியும் வண்டிக்கு மாநில எழுத்துகளை அடுத்து வி.ஏ. என்று எண் வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்ற காரியங்களுக்குத்தான் சாலைக்கு எடுக்கலாம். பழவேற்காட்டுக்கு மீன் தின்னப் போவது அந்தப் பட்டியலில் இல்லை. ஓட்ட ஆசையுள்ளவர் சாதாரணப் பதிவையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வது உத்தமம்.

ஓட்டுவதற்கு வடக்குச் சாலையைவிடப் பொருத்தமான வழி சென்னைக்கு இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அழகு உண்டு. வடக்குச் சாலைக்கு வரலாறு உண்டு. செங்குன்றம் தாண்டியதும் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இங்கே பந்தயத் தடமாயிற்று. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் இங்கே பந்தயம் நடத்தியது. குண்டும் குழியுமான ‘டி’ வடிவத் தடத்தில் ஃபியட்டும் ஹெரால்டும் முட்டிமோதின. கோவைப் பந்தய வீரர் கரிவரதன் இங்கே ஓட்டித்தான் பெயர் பெற்றார். விஜய் மல்லையா ஒரு எஃப்1 காரையே கொண்டுவந்து ஓட்டினார். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்தபின் சோழவரத்தின் காலம் முடிந்தது. மேற்கே, அதே திருவள்ளூர் மாவட்டத்தில், திருவள்ளூர் நகரை ஒட்டிய இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் செய்தார்கள். இன்றைய இளம் வண்டிப் பிரியர்களுக்கு ஹெரால்டின் இடத்தில் இருப்பது லான்சர்தான்.

தச்சூர் கூட்டுச்சாலையில் திரும்பிப் பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. நகரிலிருந்து மொத்தம் 60 கிலோமீட்டருக்குள். கிளம்பி, ரேடியேட்டர் கொதிக்காமல், நிற்காமல் போய்ச் சேர்ந்தால் அந்தப் பழைய வண்டி தேர்ச்சி பெற்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஊருக்குள் டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிமுடித்த கெல்டிரியா கோட்டை இருந்த இடமும், செதுக்குக் கற்கள் கொண்ட அவர்களது கல்லறைத் தோட்டமும் உண்டு. வண்டிக்காரர்கள் நெடுநேரம் நிற்பது என்னவோ மீன் ஏலம் போகும் இடத்தில்தான். அங்கே பேச்சு சுலபமாக ஒட்டிக்கொள்ளும். ஃபைபர் படகின் பின்னால் மாட்டிய இன்ஜினைச் சத்தம் கேட்டே எடைபோடும் மீனவர்கள், ஹெரால்டின் பானெட்டைத் திறந்தால் கூடிவிடுவார்கள். உப்புத் தண்ணீரில் இன்ஜினைக் காப்பாற்றுவதில் அவர்களே மூத்த வல்லுநர்கள்.

வண்டிக்காரர்களுக்கு இங்கே விருந்து, தணலில் சுட்ட மீன். ஏரி மீன்களில் சுடுவதற்கு மடவைதான் முதலிடம். கொழுப்புள்ள மீன், நெருப்பில் காய்ந்துபோகாது. கொடுவாயும் நன்றாக வரும், சதை கனமாதலால் ஆழமாகக் கீற வேண்டும். கல்லுப்பு, மஞ்சள், மிளகாய், கொஞ்சம் புளி போதும். கடை மசாலாத் தூள்களைக் கொட்டினால் ஏரியின் ருசி போய்விடும். சவுக்குக் கட்டையோ தேங்காய் ஓடோ, எரியும்போது மீனை வைக்கக் கூடாது. சுவாலை அடங்கி, கங்கின் மேல் வெள்ளைச் சாம்பல் படர்ந்த பிறகே வைக்க வேண்டும். ஒரே ஒரு முறை திருப்பலாம். முள்ளிலிருந்து சதை தானாக விலகினால் வெந்தது என்று அர்த்தம். இறாலுக்கு இவ்வளவு பொறுமை வேண்டாம். சிவந்து சுருண்டதும் எடுத்துவிட வேண்டும், ஒரு நிமிடம் கூடினாலும் ரப்பர்தான்.

போய் வந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடு திரும்பிய அன்றே, களைப்பு பாராமல், வண்டியின் அடிப்பாகத்தையும் மட்கார்டின் உட்புறத்தையும் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவி உலரவிடுங்கள். ஹெரால்டின் சட்டத்தில் துரு முதலில் பிடிப்பது பின் ஸ்பிரிங்கை ஒட்டிய நீட்டுக் கைகளில்தான். கண்ணுக்குத் தெரியும் முன்பே அது பாதி வேலையை முடித்திருக்கும்.