புண்ணாக்கு போகும் பாதை

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு நண்பரின் அறையில் எங்கள் வாசிப்புக் குழு கூடியது. ஒரு நாவலைப் பேச வேண்டிய நாள். பாதிப் பேர் படிக்காமல் வந்திருந்ததால் அதை ஒத்திவைத்துவிட்டு ‘கௌஸ்பிரசி’ ஆவணப்படத்தைப் போட்டோம். படம் முடிந்து கீழே கடைக்கு இறங்கினோம். எப்போதும் தே தாரிக் கேட்கும் இரண்டு பேர் அன்று ‘தே ஓ’ சொன்னார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் எழுதியது இது.

கிப் ஆண்டர்சனும் கீகன் கூனும் 2014இல் எடுத்த படம். அடுத்த ஆண்டு லியோனார்டோ டிகாப்ரியோவின் பெயரும் தயாரிப்பில் சேர, நெட்பிளிக்ஸ் வழியாக உலகம் முழுக்கப் போனது. கதை சுலபமானது. ஓர் அமெரிக்க இளைஞர் குப்பையைப் பிரித்துப் போடுகிறார், சைக்கிளில் போகிறார், குளியலைச் சுருக்குகிறார். ஒரு ஹாம்பர்கருக்கு 660 கேலன் தண்ணீர் செலவாகிறது என்று ஒருநாள் தெரிந்துகொள்கிறார். பெரிய சுற்றுச்சூழல் அமைப்புகளின் வாசலில் போய் நின்று, “மாட்டைப் பற்றி ஏன் பேச மாட்டேன் என்கிறீர்கள்?” என்று கேட்கிறார். மழுப்புகிறார்கள். அந்த மழுப்பல்தான் படத்தின் பலம். அமேசான் காட்டுக்காகப் போராடி 2005இல் சுட்டுக் கொல்லப்பட்ட டோரத்தி ஸ்டாங் பற்றிய பகுதியில் அறையில் யாரும் பேசவில்லை.

பலவீனம் எண்ணிலிருந்து தொடங்குகிறது. பசுங்குடில் வாயுக்களில் 51 சதவீதம் கால்நடையால் வருகிறது என்கிறது படம். 2009இல் வந்த ஒரு கட்டுரையின் கணக்கு அது. மாடு விடும் மூச்சைக்கூடச் சேர்த்து எண்ணிய கணக்கு. மாடு வெளியே விடும் கரியமில வாயு, அது தின்ற புல் காற்றிலிருந்து எடுத்ததுதான் என்பது ஐந்தாம் படிவ அறிவியல். ஐநாவின் உணவு வேளாண் அமைப்பு 2013இல் சொன்னது 14.5 சதவீதம். உலகத்தின் கார், கப்பல், விமானம் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நிற்கும் அளவு அது. அதுவே போதுமான பயம். அதை ஏன் ஊத வேண்டும்? நான் கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். உண்மையான காரியத்துக்குப் பொய்க் கணக்கு காட்டினால், நாளைக்கு உண்மைக் கணக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் என்னை உறுத்தியது வேறு இடம். மழைக்காட்டை அழித்ததில் செம்பனையின் பங்கு 2.6 கோடி ஏக்கர், மாட்டின் பங்கு 13.6 கோடி ஏக்கர் என்று படம் இரண்டையும் தனித்தனியாக வைத்து ஒப்பிடுகிறது. செம்பனையைத் திட்டுகிறீர்களே, மாட்டைப் பாருங்கள் என்பது அதன் வாதம்.

நான் கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் செம்பனைக் கொட்டை ஆட்டும் ஆலையில் பொறியாளராக இருக்கிறேன். கொட்டையை ஆட்டி எண்ணெய் எடுத்த பிறகு, எடையில் ஏறக்குறையப் பாதி புண்ணாக்காக மிஞ்சும். இந்தப் புண்ணாக்கை உலகத்திலேயே அதிகம் வாங்குவது நியூசிலாந்து. மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் ஆண்டுக்கு ஏறக்குறைய 20 இலட்சம் டன் போகிறது. பச்சைப் புல்வெளியும் வெள்ளை மேகமுமாக நமக்குக் காட்டப்படும் அந்த மாடுகள், புல் குறையும் மாதங்களில் நம் செம்பனையைத் தின்கின்றன. மாட்டுக்கு ஒரு நாளைக்கு 3 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று ஃபொன்தெரா நிறுவனமே 2015இல் தன் பண்ணையாளர்களுக்கு அறிவுரை சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பால் மாவாகித் திரும்ப நம்மிடம் வருகிறது. நம் கடைகளில் தே தாரிக்கில் ஊற்றும் டின் பாலில் பல, பால்கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய் கலந்த கிரீமர். மாட்டுக்குள் போனதும் செம்பனை, மாட்டைத் தாண்டி வந்ததும் செம்பனை.

அப்படியென்றால் அந்த இரண்டு பத்திகளும் ஒரே பத்தி. படம் இதைப் பார்க்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், பேட்டி தர மறுத்ததாகப் படம் குறைசொல்லும் கிரீன்பீஸ் அமைப்பினர்தான் 2009இல் நியூசிலாந்துக் கடலில் செம்பனைப் புண்ணாக்கு ஏற்றி வந்த கப்பலில் ஏறி மறியல் செய்தார்கள்.

இப்போது என் பெரியப்பா. பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். கித்தா போய்ச் செம்பனை வந்தபோதும், லயத்து வீடுகள் காலியானபோதும் மாட்டை விடவில்லை. இருபத்து மூன்று உருப்படி. செம்பனைக்கு நடுவில் மேயும். என் பாட்டி அதே தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடித்தவர். முதுகில் டின்னைச் சுமந்து, கையுறை இல்லாமல் பாராகுவாட் அடித்தார். அந்த மருந்தை நம் நாடு முழுசாகத் தடை செய்ய 2020 ஆனது. பாட்டி மருந்தடித்துக் கருக்கிய புல்லை மாடு சும்மாவே தின்றிருக்கும்.

போன வருடம் தோட்ட நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று மாதத்தில் மாடுகளை அப்புறப்படுத்த வேண்டும். மறுநடவு செய்த கன்றுகளை மாடு மேய்ந்துவிடுகிறது என்பது காரணம். அது பொய்யில்லை. ஆனால் மாற்று இடம் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பேராக்கில் இப்படிப்பட்ட மாட்டுக்காரர்களுக்காக மலேசிய சோசலிசக் கட்சி பல வருடமாகக் குரல் கொடுத்துவருகிறது. பெரியப்பாவுக்கு யாருமில்லை. கடிதம் மலாயில் இருந்ததால் என்னிடம் கொண்டுவந்தார். நான் படித்துச் சொன்னேன். எங்கள் ஆலைக்குக் கொட்டை வரும் தோட்டங்களில் அதுவும் ஒன்று என்பதை அவரிடம் சொல்லவில்லை.

படத்தின் கேள்வியை அவரிடம் கேட்டேன். மாட்டால் பூமி சூடாகிறதாமே? “மாடு ஏப்பம் விட்டா சூடாவுது, லோரி பொகை விட்டா ஆவாதா?” என்றார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அறிவியல் அவர் பக்கம் முழுசாக இல்லை. மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 28 மடங்கு சூடாக்கும். பெரியப்பாவின் மாடு குறைவாகக் கறக்கும். ஆகவே ஒரு லிட்டர் பாலுக்கு அது விடும் மீத்தேன், நியூசிலாந்து மாட்டைவிட அதிகம். இதை மறைத்துவிட்டு ‘நம் ஊர் மாடு நல்ல மாடு’ என்று எழுதினால் நானும் ஒரு 51 சதவீதக்காரன்தான்.

சரி, மாட்டைக் குறைப்போம். யாருடைய மாட்டை முதலில், யார் முடிவு செய்வது? இந்தக் கேள்வி படத்தில் இல்லை. கடைசியில் அது ‘நீ உன் தட்டை மாற்று’ என்று பார்வையாளனிடம் வந்து நிற்கிறது. நம் நாட்டில் மாட்டு அரசியல் தட்டில் நடக்கவில்லை. கெமாஸில் தேசியக் கால்நடைத் திட்டத்துக்கு அரசாங்கம் 25 கோடி வெள்ளி கடன் ஒதுக்கியது. நடத்தியது அப்போதைய மகளிர் அமைச்சர் ஷாரிசாட்டின் குடும்ப நிறுவனம். 2010இல் 8,000 மாடு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது 3,289 என்றது தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை. அந்தப் பணத்தில் பங்சாரில், நாங்கள் படம் பார்த்த அறையிலிருந்து சில நிமிடத் தூரத்தில், ஆடம்பர அடுக்குமாடி வீடுகள் வாங்கியதாக 2012இல் அமைச்சரின் கணவர்மேல் வழக்கு வந்தது. 2015இல் அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட, அவர் விடுதலையானார். வங்கி விவரங்களை வெளியிட்ட ராஃபிசி ரம்லிக்கு 2018இல் 30 மாதச் சிறைத்தண்டனை. மறு ஆண்டு மேல்முறையீட்டில் அவரும் விடுதலையானார். மாடே இல்லாத பண்ணைக்குக் கடன் கிடைத்தது. மாடு இருக்கிறவருக்குக் கடிதம் வந்தது.

நம் எழுத்துக்கும் இதில் பங்கு உண்டு. இங்கே ‘பால்’ என்றால் இரண்டு. கித்தாப் பாலைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். அகிலன் இங்கே வந்துபோய் எழுதிய நாவலின் பெயரே ‘பால் மரக்காட்டினிலே’. மாட்டுப் பாலோ, நான் வாசித்த மலேசியக் கதைகளில், பெரும்பாலும் பொங்கலுக்கு வருகிறது, அல்லது மாட்டை விற்ற நாளில் அம்மா அழுவதற்கு வருகிறது. 2009 ஆகஸ்டில் ஷா ஆலமில் கோயில் இடமாற்றத்தை எதிர்த்தவர்கள் மாட்டுத் தலையைத் தூக்கி வந்தார்கள். நாம் கொதித்தோம், கொதித்தது சரி. ஆனால் அதே சிலாங்கூரில் உயிரோடு இருக்கும் மாட்டின் மேய்ச்சல் நிலம் போனபோது அதே கொதிப்பு நமக்கு வரவில்லை. பெரியப்பா மாட்டுப் பொங்கலன்று மாடுகளுக்குக் குங்குமம் வைத்துக் கும்பிடுவார். அதே மாடுகளில் காளைகளை ஹஜ்ஜுப் பெருநாளுக்கு விற்பார். “வெல அப்பதான்டா கெடைக்கும்” என்பார். இந்த இரண்டும் ஒரே மனிதரிடம் இருப்பதை எழுதிய கதை ஒன்றை நான் இன்னும் படிக்கவில்லை. யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள், தேடிப் படிக்கிறேன்.

‘கௌஸ்பிரசி’யைப் பாருங்கள். கேட்கக் கூசும் கேள்வியைக் கேட்கும் துணிச்சல் அதில் இருக்கிறது. பார்த்து முடித்ததும் தட்டைப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள், கப்பலையும் பாருங்கள்.

பெரியப்பாவிடம் இப்போது ஒன்பது மாடுகள் இருக்கின்றன. கெடு முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் யாரும் வந்து கேட்கவில்லை என்கிறார். நான் நாளைக்குக் காலை ஷிப்டு.